ஆயில் நிறைஞ்சிருச்சு

வண்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பாண்டிச்செல்வி சொன்னபோது அவள் புருஷன் முத்துக்குமரன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஹேண்ட்பிரேக்கைச் சரியா எறக்கியிருக்க மாட்ட," என்றான்.

ஆறு வருஷமாகச் சிம்மக்கல்லிலிருந்து சமயநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் வருகிறவள் அவள். வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி வாங்கிவர எடுத்துக்கொண்டு போகிறவன் அவன். அவளுக்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கத் தெரியாதாம். இதற்கு வாயால் என்ன பதில் சொல்ல முடியும்?

அன்று வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆரப்பாளையம் தாண்டித் திரும்பிய இடத்தில் அந்த விளக்கு ஒரு தரம் மினுக்கிவிட்டு அணைந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. குறுக்கே வந்த ஆட்டோவுக்காகப் பிரேக்கை மிதித்தாள், மறுபடியும் மினுக்கியது. வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அணையாமல் நின்று எரிந்தது. ஹேண்ட்பிரேக்கை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குள்ளேயே வந்தாள்.

புருஷனிடம் கேட்டுப் புண்ணியமில்லை என்று ஆனபிறகு திரும்ப வாசலுக்குப் போனாள். காரோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். அந்த விளக்குக்கு இரண்டு காரணம் என்று போட்டிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. ஒரே விடைக்கு இரண்டு வழி இருந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதைப் பார் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் பதினெட்டு வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகளுக்குப் புரிகிறது. பானட்டைத் திறந்து பார்த்தாள். ஆயில் ஊற்றுகிற சின்ன வெள்ளை டப்பாவில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

படம் பிடித்து, "பிரேக் ஆயில் கம்மி. யாரும் வண்டியை எடுக்க வேண்டாம்" என்று எழுதி முத்துக்குமரனுக்கு அனுப்பினாள். அவன் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உடனே ஒரு கட்டைவிரல் வந்து சேர்ந்தது. படத்தைத் திறந்து பார்க்கவில்லை, எழுதியதைப் படிக்கவில்லை, கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டான். ஏகலைவன்கூட ஒரு தடவைதான் கட்டைவிரலைக் கொடுத்தான், இவன் நாளைக்கு நாற்பது தடவை கொடுக்கிறான்.

மெக்கானிக் சிஹாபுதீன்தான் அந்த வீட்டு வண்டிகளை ஆதியிலிருந்து பார்க்கிறவர். அவள் போனில் சொன்னதை முழுசாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது செல்விக்கு.

"டீச்சரம்மா, ஆயில் தானாக் குறையாது," என்றார். "ஒண்ணு பிரேக் கட்டை தேஞ்சிருக்கணும், இல்ல எங்கயாச்சும் ஒழுகணும். மேல ஊத்திக்கிட்டு ஓட்டுற சோலியே வேணாம். நாளைக்கு ஜும்மா முடிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் வண்டி நின்ன எடத்துல நிக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் கொட்டாம்பட்டியில் செல்வியின் மாமியார் சோலையம்மாளுடைய தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். பாய் வந்து சரி பண்ணிவிட்டால், செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் எல்லோரும் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. காலையில் முத்துக்குமரன் ஏழு மணிக்கே தன் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போய்விட்டான். செல்வி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் மாமியாரிடம் சொன்னாள். சோலையம்மாள் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கார்ல பிரேக் ஆயில் தீந்து போச்சு. பாய் மத்தியானம் வருவாரு. சாவி ஆணியில தொங்குது. உங்க மகன் வந்தா சொல்லிருங்க."

"ஏத்தா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு முன்னாடி நின்னு என்ன வார்த்தை பேசுற?" என்றாள் சோலையம்மாள். "நெறஞ்சிருச்சுன்னு சொல்லு."

"சரி, நெறஞ்சிருச்சு. சொல்லிருங்க அத்தே," என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள் செல்வி.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேச்சு அவள் காதுக்குப் பழகிப் போயிருந்தது. அந்த வீட்டில் எதுவும் தீராது. அரிசிப் பானையில் கை விட்டால் தரை தட்டும், ஆனால் அரிசி "நிறைஞ்சிருச்சு". உப்பு, மஞ்சள், எண்ணெய் எல்லாம் அப்படியே. விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். "இல்லை" என்ற சொல் வீட்டுக்குள் கேட்டால் லட்சுமி வாசலோடு போய்விடுவாளாம். இது பரவாயில்லை. வெளியே கிளம்பும்போது யாராவது ஒத்தைத் தும்மல் போட்டுவிட்டால் அதோடு பயணம் நின்றது. திரும்ப உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ஆற அமர எழுந்துதான் போக வேண்டும். ஒரு தடவை வாசலில் கீரை விற்க வந்தவள் தும்மித் தொலைத்ததில் செல்வி பஸ்ஸை விட்டுவிட்டு, பரீட்சை மேற்பார்வைக்குத் தாமதமாகப் போய் நின்று, தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். காரணம் என்று எதைச் சொல்வது? கீரைக்காரி தும்மினாள் என்றா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது சிஹாபுதீன் போன் செய்தார்.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். வண்டியக் காணமே? வீடும் பூட்டிக் கெடக்கு."

செல்வி அந்த அழைப்பைத் துண்டித்தாள். முத்துக்குமரனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மகள் சுஷ்மாவைக் கூப்பிட்டாள். ஏழாம் வகுப்புக்காரி, முந்தின நாள்தான் அவளுக்குப் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, நாங்க கொட்டாம்பட்டி போய்க்கிட்டு இருக்கோம். அப்பா கடையச் சீக்கிரமே சாத்திட்டு வந்துட்டாரு. மேலூர் தாண்டியாச்சு. நீ சாயங்காலம் பஸ்ஸுல வந்துருவியாம்."

"எதுல போறீங்க?"

"கார்லதான்."

நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், நாலுவழிச் சாலையில், பிரேக் ஆயில் இல்லாத காரில், அவள் பெற்ற ஒரே பிள்ளை. "ஸ்பீக்கர்ல போடு," என்றாள்.

"என்னா செல்வி?" என்று முத்துக்குமரனின் குரல் கேட்டது. நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க. பிரேக் ஆயில் தீந்து போச்சு."

"அதான் நெறஞ்சிருச்சுன்னு அம்மா சொல்லுச்சே. பாய் வந்து ஊத்திட்டுப் போயிட்டாருல்ல?"

"பாய் இப்பத்தான் வந்து வாசல்ல நிக்கிறாரு! நெறஞ்சிருச்சுன்னா தீந்து போச்சுன்னு அர்த்தங்க!"

"நெறஞ்சா எப்படிடி தீரும்? கணக்கு டீச்சர் பேசுற பேச்சா இது?" என்று சிரித்தான்.

செல்விக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் வந்த கோபத்தில் கையிலிருந்த சிவப்புப் பேனா மேஜையில் குத்தி முனை மடங்கியது. அவன் அந்த வீட்டில் பிறந்தவன். நாற்பத்தைந்து வருஷம் அந்த வீட்டுச் சோறு தின்றவன். அவனுக்கு அந்த வார்த்தை தெரியாது! எப்படித் தெரியும்? எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளை அவன் தன் ஆயுளில் பார்த்ததில்லை. தீருவதற்கு முன்னால் யாரோ ஒருத்தி கடைக்குப் போய் வாங்கி ஊற்றியிருக்கிறாள். அம்மா, பிறகு பெண்டாட்டி. அவன் கண்ணுக்கு எண்ணெய்த் தூக்கு எப்போதும் நிறைந்துதான் இருந்திருக்கிறது.

"அத்தே," என்று கத்தினாள். "நீங்களாச்சும் சொல்லுங்க! காலையில நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்ன, இல்லங்கல," என்றாள் சோலையம்மாள் பின் சீட்டிலிருந்து. "எண்ணெ தானத்தா? வழியில எங்கனயாச்சும் வாங்கி ஊத்திக்குவான்னு நெனச்சேன். அதுக்குப் போயி நல்ல காரியத்துக்குப் போறப்ப தீந்துச்சு, கீந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்க."

"எரியுற லைட்டைப் பாருங்கங்க! அது ஆயில் லைட்டு!"

"அது ஹேண்ட்பிரேக் லைட்டு. இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"அம்மா," என்று சுஷ்மா மெதுவாகச் சொன்னாள். "அப்பா ரெண்டு தடவை மிதிச்சாத்தான் வண்டி நிக்குது. மேலூர்ல ஒரு மாட்டுக்கிட்டப் போயி நின்னுச்சு."

"பழைய வண்டின்னா அப்படித்தாண்டா," என்றான் முத்துக்குமரன். "செல்வி, மூணு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்குள்ள போயிச் சேரணும்னு அம்மா அவசரப்படுத்துது. இன்னும் இருபது கிலோமீட்டர்தான். அங்க போயிப் பாத்துக்கலாம்."

எமகண்டத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமாம். எமன் வீட்டுக்கே வண்டியை விட்டுக்கொண்டு!

படம் அனுப்பியாயிற்று, எழுதிக் காட்டியாயிற்று, வாய் கிழியச் சொல்லியாயிற்று. ஆயில், பிரேக், விளக்கு என்று அவள் சொன்ன எதுவும் அந்தக் காருக்குள் இருந்த இரண்டு பெரிய மனிதர்களின் காதுக்குள் போகவில்லை. அந்த வீட்டில் எந்தச் சொல்லுக்குத்தான் மரியாதை? எதைக் கேட்டால்தான் இவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள்? கீரைக்காரியின் முகம் அவள் நினைவுக்கு வந்தது.

செல்வி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஹச்ச்!"

பக்கத்து மேஜையிலிருந்த அறிவியல் டீச்சர் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் பதினெட்டு வருஷமாகப் பொய்த் தும்மல் கேட்ட அனுபவம் கைகொடுத்தது. அசல் தும்மல் தோற்றுப்போகும். இன்னொன்று போட்டால் ரெட்டைத் தும்மலாகி நல்ல சகுனமாகிவிடும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

போனில் சோலையம்மாள் கூப்பாடு போட்டாள்.

"டே முத்து, நிப்பாட்டுடா! ஒத்தைத் தும்மல்டா! நிப்பாட்டி ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போவோம். நிப்பாட்டுறா!"

"சரிம்மா, நிப்பாட்டுறேன், கத்தாத."

உடனே! மறுபேச்சில்லாமல்! அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னதற்கு நிற்காத வண்டி ஒரு தும்மலுக்கு நிற்கப் போகிறது. செல்விக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆனால் அடுத்ததாகப் போனில் கேட்டது முத்துக்குமரனின் வேறொரு குரல்.

"ஏய்... ஏய்... என்னடா இது..."

"அப்பா!"

"மிதி உள்ள போகுது... பிடிக்கலையே..."

"கியரைக் குறைங்க!" என்று செல்வி எழுந்து நின்று கத்தினாள். "ஹேண்ட்பிரேக்கை இழுங்க! மெல்ல, மெல்ல இழுங்க! சுஷ்மா, பெல்ட்டு போட்டிருக்கியா?"

எஞ்சின் உறுமுவதும், டயருக்கடியில் ஜல்லி நொறுங்குவதும், மாமியார் எந்தெந்தச் சாமியையோ கூப்பிடுவதும் கேட்டன. ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அப்புறம் எல்லாம் ஓய்ந்தது.

"நின்னுருச்சும்மா," என்றாள் சுஷ்மா. "பள்ளத்துக்கிட்ட வந்து நின்னுருச்சு."

செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பானட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முத்துக்குமரன் போனை வாங்கிப் பேசினான்.

"செல்வி... டப்பாவுல ஒண்ணுமே இல்லடி."

இதைச் சொல்ல ஒருவன் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறான். அவள் போனை வைத்துவிட்டு, சிஹாபுதீனைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள்.

சிஹாபுதீன் பைக்கில் போய்ப் பார்த்தார். பின்சக்கரம் ஒன்றின் உட்பக்கம் முழுக்க ஈரம். அங்கேதான் நாள் கணக்காக ஒழுகியிருக்கிறது. "அண்ணே, காலியான ரோட்டுல தும்மலுக்காக மெல்ல நிப்பாட்டுனதுனால தப்பிச்சீங்க. முன்னாடி பஸ் ஒண்ணு சடன் பிரேக் அடிச்சிருந்தா என்னாயிருக்கும்?" என்று கேட்டாராம். கேட்டதோடு விடாமல், "டீச்சரம்மா வியாழக்கிழமையே சொன்னாங்களே?" என்றும் கேட்டாராம். முத்துக்குமரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தான் என்று சுஷ்மா சொன்னாள்.

உயிர் பிழைத்து வந்தார்களே, அதோடு இது முடிந்திருக்கக் கூடாதா? முடியவில்லை. வண்டியை பாய் ரெக்கவரி வேன் வரவழைத்து ஏற்றிப் போக, மற்றவர்கள் பஸ் ஏறி நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் செல்வி அங்கே போய் இறங்கியபோது பந்தல் முழுக்க அதே பேச்சாக இருந்தது. முத்துக்குமரன் சொல்லிக்கொண்டிருந்தான்: "பிரேக் சுத்தமாப் புடிக்கல மாப்ள. வேற எவனாயிருந்தாலும் கவுத்திருப்பான். கியரைக் கொறச்சு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அப்படியே பூ மாதிரி நிப்பாட்டுனேன்."

சோலையம்மாள் அந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாண்டி முனி சாமிதான் எம்மருமக மூக்குல ஏறி உக்காந்து தும்ம வச்சாரு. இல்லாட்டி சமயநல்லூர்ல இருக்கவளுக்கு அந்த நேரம் பாத்து எதுக்குத் தும்மல் வரணும்?" எல்லோரும் செல்வியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒருத்தி அவள் மூக்குக்கு நேரே திருநீறு பூசிவிட்டாள். வெள்ளை டப்பாவை யாரும் கேட்கவில்லை. இரண்டு கோடுகளை யாரும் கேட்கவில்லை. படம் பிடித்து அனுப்பியது, எழுதியது, கத்தியது எதுவும் அந்தக் கதையில் இல்லை. அவளுக்கு அந்தக் கதையில் கிடைத்த இடம் ஒரு மூக்கு.

இரண்டு நாள் பொறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாள் போனில் ஏழாவது ஆளுக்குப் பாண்டி முனி கதையைச் சொல்லி முடித்து வைத்ததும் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தே, அது பொய்த் தும்மல்."

சோலையம்மாள் திரி திரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "என்னாத்தா சொல்ற?"

"எனக்குத் தும்மல் வரல. நானாத்தான் தும்முனேன். எம்புட்டுச் சொல்லியும் நீங்க கேக்கல. தும்முனாத்தான் நிப்பீங்கன்னு தெரிஞ்சு தும்முனேன்."

மாமியார் கையிலிருந்த திரியைக் கீழே வைத்தாள். "அப்ப சாமி ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"சாமி வியாழக்கிழமையே செவப்பு லைட்டுப் போட்டுச் சொல்லுச்சு. யாரு கேட்டீங்க?" என்றாள் செல்வி. "எம்பிள்ள அந்த வண்டியில இருந்தா அத்தே. ஒரு வார்த்தைய நேராச் சொல்லியிருந்தா அவரு வண்டிய எடுத்திருக்க மாட்டாரு. லட்சுமி போயிருவாளேன்னு பாத்தீங்க. சுஷ்மா போயிருப்பா."

சோலையம்மாள் திரித்த திரிகளை டப்பாவில் அடுக்கி மூடிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பாண்டி முனி கதையைச் சொல்லவில்லை. செல்வியிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றிய நேரம். முத்துக்குமரன் தட்டைப் போட்டுக்கொண்டு தோசைக்கு உட்கார்ந்திருந்தான். சோலையம்மாள் பூஜை அலமாரிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். செல்வி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு எண்ணெய்த் தூக்கைச் சாய்த்தாள். சொட்டு வரவில்லை. வேலை மும்முரத்தில் வாங்க மறந்திருந்தாள். தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"எண்ணெ நெறஞ்சிருச்சுங்க," என்றாள் நிறுத்தி, நிதானமாக.

"ம்... நல்லது," என்றான் அவன், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

செல்விக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் விளக்குப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டே முத்து! எண்ணெ இல்லடா. தீந்து போச்சு. ஒரு சொட்டு இல்ல. எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வா!"

முத்துக்குமரன் நிமிர்ந்து தன் தாயைப் பார்த்தான். சுஷ்மா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சோலையம்மாள் மறுபடியும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் சட்டையை மாட்டி, செல்வி நீட்டிய பையை வாங்கிக்கொண்டு போனான். தெருமுனை திரும்பியிருக்க மாட்டான், செல்விக்குப் போன் வந்தது. எந்த எண்ணெய் என்று கேட்டான்.